விலாசத்திலிருந்து தொடங்குங்கள்: ஒரு கிட்டங்கிக் கடையின் வரலாற்றைத் தேடும் முறை

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள், அதாவது பல கடைகள் ஒன்றாக இயங்கிய கட்டடங்கள், அப்பகுதியின் மறுசீரமைப்புக்காக 1970களில் இடிக்கப்பட்டன. அவற்றுள் இயங்கிய கடைகளின் தடங்களோ செய்தித்தாள்களிலும் பேரேடுகளிலும் வாய்மொழிப் பதிவுகளிலும் அருங்காட்சியகப் பொருள்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை இணைத்து ஒரு கடையின் வரலாற்றை எழுத நான் கையாளும் முறை இது.

முதலில் கடையின் விலாசத்தைக் கண்டறியுங்கள். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த விலாசமே தொழிலின் பெயராக வழங்கியது. பழனியப்பனுக்குப் பி.எல். என்றும் ராமநாதனுக்கு ஆர்.எம். என்றும் ஒரே பெயருக்கு இரண்டு ஆங்கில எழுத்துகள் வருவதுண்டு என்பதை மனத்தில் வையுங்கள்.

அடுத்து, சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ தளத்தில் தேடுங்கள். பல இதழ்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். விலாசத்தைப் புள்ளியுடனும் புள்ளியின்றியும் தேடுவதோடு, ஆங்கிலத்தில் ‘செட்டி’, ‘சிட்டி’, ‘செட்டியார்’ ஆகிய மூன்று வடிவங்களையும் தனித்தனியே இட்டுப் பாருங்கள். தலைப்புச் செய்திகளைவிட விளம்பரப் பகுதியும் நீதிமன்றச் செய்திகளும்தான் நமக்குப் பயன்படும். கடையை நடத்த ஊரிலிருந்து வந்த முகவர் மாறியதை அறிவிக்கும் சிறு விளம்பரம் கிடைத்தால், நாளுடன் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நாள் பேரேட்டைப் படிக்கும்போது தேவைப்படும். தொடக்கநிலையினர் பெரிதும் தடுமாறும் கட்டம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பழைய கணக்குகளில் ௵ ஆண்டையும், ௴ மாதத்தையும், ௳ நாளையும், ௶ பற்றையும், ௷ வரவையும், ௸ மேற்படியையும் குறிக்கும். ௪௱௨௰ என்பது 420. ஆண்டு பெரும்பாலும் பெயரால் எழுதப்பட்டிருக்கும். பிரமோதூத ஆண்டு 1930 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1931 ஏப்ரல் நடுவில் முடிவதால், அவ்வாண்டு மாசியில் எழுதிய பற்று 1931 பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு உரியது. மேலும் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், அதே பெயர் 1870–71ஐயும் குறிக்கலாம். எந்தச் சுற்று என்பதைத் தாளின் பழமையை வைத்து ஊகிக்காதீர்கள். முகவர்கள் வழக்கமாக மூன்றாண்டுத் தவணையில் அனுப்பப்பட்டவர்கள் என்பதால், கணக்கில் வரும் முகவரின் பெயரைச் செய்தித்தாள் விளம்பரத்தோடு ஒப்பிட்டாலே ஐயம் தீர்ந்துவிடும்.

பற்று வரவோடு நின்றுவிடாதீர்கள். கோயிலுக்கு ஒதுக்கிய மகமையும், ஆச்சிமார் (குடும்பப் பெண்கள்) பெயரில் வட்டிக்குப் போட்டிருந்த பணமும் குடும்பத்தின் சமூக வாழ்வைக் காட்டுகின்றன. ஆண்களின் பெயர்களால் நிறைந்த ஏட்டில் பெண்களின் சொத்து தனிக் கணக்காக நிற்கும் அந்தப் பக்கங்களையே நான் முதலில் படியெடுப்பேன். நீங்களும் அவ்வாறே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பதிவுசெய்ய வம்சாவளி மென்பொருள் எதுவும் வேண்டாம். விலாசம், தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, முகவர், ஊர், சான்று இருக்கும் இடம் என்னும் ஆறு பத்திகள் கொண்ட எக்செல் தாளே போதும். தமிழ்த் தேதியை மாற்றியபின் மூலத்தை அழித்துவிடாதீர்கள்.

பிறகு சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேளுங்கள். தமிழில் அளிக்கப்பட்ட நேர்காணல்களும் அங்கு உள்ளன. சென்னையில் இருப்போர் கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பிலிருந்து 1994இல் உருவான, தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில், அக்கால இதழ்களையும் சிறு வெளியீடுகளையும் தேடலாம்.

பின்சேர்க்கை: ஒரே விலாசம் இரண்டு குடும்பங்களுக்குப் பொருந்துகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். பங்காளிகள் பிரியும்போது முன்னெழுத்துகள் இரு தரப்புக்கும் பொதுவாகவே தொடரும். எனவே சொந்த ஊரையும், நகரத்தாரின் உட்பிரிவுகளுக்கு உரிய ஒன்பது நகரக் கோயில்களில் அவர்கள் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சரிபார்த்த பின்னரே இரு பதிவுகளை ஒன்றாக இணையுங்கள்.