சுகர் இருக்கிறதா? தயிர் கப்பைத் திருப்பிப் பாருங்கள்

சுகர் என்று தெரிந்த புதிதில் அப்பா ஐஸ்கிரீமை விட்டுவிட்டு மாம்பழ யோகர்ட்டுக்கு மாறினார். கப்பில் ‘லோ ஃபேட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தயிர்தானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் பல நாள் யாருமே படிக்கவில்லை.

படி 1: முன்பக்கத்தை நம்பாதீர்கள்

‘லோ ஃபேட்’ என்றால் கொழுப்பு குறைவு, அவ்வளவுதான். சர்க்கரையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. கொழுப்பை எடுத்தால் ருசியும் கெட்டித்தன்மையும் போய்விடும். அதை ஈடுகட்டச் சர்க்கரையும் ஸ்டார்ச்சும் சேர்க்கும் வகைகளும் உண்டு.

படி 2: இரண்டு வரிகளைத் தேடுங்கள்

பின்பக்க அட்டவணையில் ‘டோட்டல் சுகர்ஸ்’ (மொத்தச் சர்க்கரை), அதன் கீழே ‘ஆடட் சுகர்ஸ்’ (வெளியிலிருந்து சேர்த்த சர்க்கரை) என்று இருக்கும். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். வெறும் தயிரிலும் 100 கிராமுக்கு 4 முதல் 5 கிராம் சர்க்கரை காட்டும். அது பாலிலேயே உள்ள லாக்டோஸ். யாரும் அள்ளிக் கொட்டியதல்ல. புளித்த தயிரில் சர்க்கரையே இருக்காது என்பார்கள். உறை கொஞ்சத்தைத் தின்று அமிலமாக்கும், உண்மைதான். ஆனாலும் பெரும்பகுதி மிச்சமிருக்கும்.

நமக்கு வேண்டியது ‘ஆடட் சுகர்ஸ்’ 0. அந்த வரி இல்லையென்றால் ஒரு தோராயக் கணக்கு: மொத்தச் சர்க்கரையில் 5 கழியுங்கள். 100 கிராமில் 14 என்று போட்டிருந்தால் 9 கிராம் வெளியிலிருந்து வந்தது. ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம் என்று வைத்தால், இரண்டு ஸ்பூனுக்கும் மேல். அப்பா காபியில் விட்டதை இதில் பிடித்துக்கொண்டிருந்தார்!

படி 3: சேர்மானப் பட்டியல்

எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும். பால், உறை இவை மட்டும் இருந்தால் நிம்மதி. குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், தேன், வெல்லம் எல்லாமே சர்க்கரைதான். ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் தூள் அவ்வளவாக இனிக்காது, ஆனால் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும்.

படி 4: கப்பின் எடை

அட்டவணை 100 கிராமுக்கு. உங்கள் கப் 80 கிராமா, 400 கிராமா என்று பார்த்துப் பெருக்குங்கள்.

படி 5: கிரீக் யோகர்ட்

இது நீரை வடித்த கெட்டித் தயிர். வடிப்பதால் லாக்டோஸ் கொஞ்சம் குறையும், புரதம் கூடும். பழச்சுவை சேர்த்த கிரீக் வாங்கினால் மறுபடி படி 2-க்குப் போங்கள். காசு மிச்சப்படுத்த, வீட்டுத் தயிரை மெல்லிய துணியில் கட்டி ஃபிரிட்ஜில் மூன்று நான்கு மணி நேரம் வடியவிட்டாலே போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும், புரதம் எவ்வளவு எடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 6: கூட எதைச் சாப்பிடுகிறீர்கள்?

நம் ஊரில் தயிரைத் தனியாக யார் சாப்பிடுகிறார்கள்! 100 கிராம் தயிரில் மாவுச்சத்து சுமார் 5 கிராம். அதைப் பிசையும் 150 கிராம் சோற்றில் 40 கிராமுக்கு மேல். தயிர் சாதத்துக்குப் பிறகு சுகர் ஏறினால் தயிரைத் திட்டாதீர்கள், சோற்றைக் குறையுங்கள். வெள்ளரிக்காய்ப் பச்சடி நல்ல வழி. இனிப்பு வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி மாதுளை முத்து.

படி 7: சோதித்துப் பாருங்கள்

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், சாப்பிடும் முன்னும் சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதிவையுங்கள். ஒருநாள் தயிரும் மாதுளையும், இன்னொரு நாள் அதே தயிரோடு சோறு. அப்புறம் அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.