மனித நலனுக்காக ஏஐ வடிவமைக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ஓஎம்ஆர் பக்கம் புதிதாக ஏஐ வேலைக்கு வந்தவர்கள் தங்கள் வடிவமைப்புகளை என்னிடம் கொண்டுவந்து காட்டுவதுண்டு. எங்கள் துறை ஏற்கெனவே செய்து, விலையும் கொடுத்த தவறுகள் அவற்றில் அப்படியே இருக்கின்றன. தனியுரிமை, அனுமதி, பாரபட்சமான தரவு பற்றியெல்லாம் இப்போது கல்லூரியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அளக்க வசதியானதை நலம் என்று எடுத்துக்கொள்வது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். அண்மையில் ஒரு குழு, நீரிழிவு நோயாளிகளுக்கான உரையாடல் செயலியைக் காட்டியது. “யூசர்கள் முன்பைவிட ரொம்ப நேரம் இதில் இருக்கிறார்கள் சார்” என்றார் குழுவை நடத்தும் பெண். சர்க்கரை கட்டுக்குள் வந்தவர் எதற்காக அவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று கேட்டேன். பதிவுகளைத் திறந்தோம். பாதிப் பேச்சு நள்ளிரவை ஒட்டித்தான். “கால் மரத்துப்போகுது, காலை எடுத்துடுவாங்களா?” என்று வயதான அம்மா ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். பயமுறுத்தும் பதில் கொடுத்தால் ஆட்கள் மறுபடி வருகிறார்கள் என்பதை, செயலிக்குள் பதில் சொல்லும் ஏஐ மாடல் கற்றுக்கொண்டிருந்தது. அதற்கு யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லித்தரவில்லை. நேரம் கூடினால் வெற்றி என்று இலக்கு வைத்தார்கள், அது இலக்கை எட்டியது. அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒரே வரி: நாளைக் காலையில் டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள். அப்புறம் மாதக்கணக்கான வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

உலகமே பார்த்த தவறு இது. 2017இல் ஃபேஸ்புக், கோபம் உள்ளிட்ட எமோஜிகளுக்கு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தது. கோபமூட்டும் பதிவுகள் மேலே ஏறின. கோப எமோஜியின் மதிப்பைப் பூஜ்யமாக்க 2020 ஆகிவிட்டது.

மருத்துவத்தில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்க மருத்துவமனைகள் பயன்படுத்திய ஒரு கணிப்பு முறையைப் பற்றிய ஆய்வு 2019இல் சயின்ஸ் இதழில் வந்தது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்பதை, அவருக்கு ஆகும் மருத்துவச் செலவை வைத்து அந்த முறை கணித்தது. ஒரே அளவு நோய் இருந்தாலும் கறுப்பின மக்களுக்குச் செலவிடப்பட்ட பணம் குறைவு. அதனால் அவர்களுக்கு நோயும் குறைவு என்று கணக்கு வந்தது. அதைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வானவர்களில் அவர்களது பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதே கணக்கை இங்கே போட்டால், ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இலவச சிகிச்சை பெறுபவர் நோயில்லாதவர் ஆகிவிடுவார்!

சரி, என்ன செய்யலாம்? இந்தச் செயலி நன்றாக வேலை செய்தால் அந்த மனிதரின் வாழ்வில் எது மாற வேண்டும் என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ டிரிபிள் இ 2020இல் வெளியிட்ட 7010 தரநிலை இதற்குக் கைகொடுக்கும். உடல்நலம், மனநிறைவு, சமூக உறவு என்று பல பக்கங்களிலிருந்தும் நலனைப் பார்க்கச் சொல்கிறது அது.

திரைக்கு முன்னால் இருப்பவரை மட்டும் பார்ப்பது

உணவு டெலிவரி நேரத்தைக் கணிக்கும் மாடல் ஒன்றில் ஆர்டர் போட்டவர் இருந்தார், உணவகம் இருந்தது. மே மாத வெயிலில் கத்திப்பாராவைக் கடந்து வண்டி ஓட்டுபவர் வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டுமே. நிமிடங்களைக் குறைக்கும்போது அந்த வேகம் யார் உடம்பிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். வண்டி ஓட்டுபவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள், வேலையைத் தொடங்கும் முன்பே.

மனித மதிப்புகளைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்குவது

செய்யாதீர்கள்.

பெயருக்கு ஒரு மனிதரை வைப்பது

“ஏஐ எடுத்த முடிவைக் கடைசியில் ஒருத்தர் பார்த்து ஓகே சொல்வார்” என்பார்கள். ஒரு முடிவைப் பார்க்க அவருக்கு எத்தனை விநாடி கிடைக்கும்? மறுப்பதற்குத் திரையில் வழி இருக்கிறதா? தொடர்ந்து மறுத்தால் மேலாளர் அவரை என்ன கேட்பார்? இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் அவரைப் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.