டெலவேரில் வாங்கிய துப்பாக்கிக்கு 25-ஆவது வரியில் ஒரு வரி

பிலடெல்பியாவுக்கு மேற்கே, செஸ்டர் கவுண்டியில் எங்கள் வீடு. கொஞ்ச நேரம் காரை ஓட்டினால் டெலவேர் மாநிலம். அங்கே விற்பனை வரியே கிடையாது என்பதால் டி.வி. முதல் மெத்தை வரை அங்கே போய் வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் பித்து பிடித்தபோது நானும் அங்கேதான் போனேன். 12 கேஜ் இரட்டைக்குழல், ஒருவர் பயன்படுத்தி விற்றது, 1,450 டாலர். பில்லில் வரி என்ற இடத்தில் பூஜ்யம். "வரி இல்லை" என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, டெலவேருக்கு இல்லை. பென்சில்வேனியாவுக்கு உண்டு என்று சொல்வது அவர் வேலையும் இல்லை.

ஏப்ரலில் வருமான வரிக் கணக்கை நிரப்பும்போது, விற்பனை வரி கட்டாமல் ஏதாவது வாங்கினீர்களா என்று மென்பொருள் கேட்டது. வருடா வருடம் யோசிக்காமல் பூஜ்யம் போட்டுத் தாண்டிய கேள்வி. பக்கத்து அறையில் துப்பாக்கி இருக்கும்போது விரல் அசையவில்லை.

இதற்குப் பெயர் பயன்பாட்டு வரி. விற்பவர் வரி பிடிக்காவிட்டால், பொருளைக் கொண்டுவந்து பயன்படுத்துகிறவர் தன் மாநிலத்துக்குத் தானே கட்ட வேண்டும். பென்சில்வேனியாவில் 6%. பிட்ஸ்பர்க் இருக்கும் அலெகெனி கவுண்டியில் 7%, பிலடெல்பியா நகருக்குள் 8%. என் கணக்கு 87 டாலர். பென்சில்வேனியா மாநில வருமான வரிப் படிவமான பி.ஏ.-40-இன் 25-ஆவது வரியில் எழுதினேன். (வரிசையைத்தான் சொல்கிறேன். வரிக்கும் வரிக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தமிழில் வரிக்கணக்கு எழுதுகிறவன் பாடு இது.)

வரிக்கு முன் ஒன்று. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. கிரீன் கார்டு கைக்கு வரும்வரை நான் பொறுத்திருந்தேன்.

அடுத்தது, எந்தத் துப்பாக்கி என்பது. என்னுடையது போன்ற நீள்குழல் துப்பாக்கியை, இரண்டு மாநிலச் சட்டங்களும் இடம் கொடுத்தால், பக்கத்து மாநிலக் கடையிலேயே துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய கூட்டாட்சிப் படிவமான 4473-ஐ நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கி வரலாம். கைத்துப்பாக்கிக்கு அது நடக்காது. அதை உங்கள் மாநிலத்தில் உரிமம் பெற்ற ஒரு விற்பனையாளருக்கு அனுப்பச் சொல்லி, அவர் கடையில்தான் பெற்றுக்கொள்ள வேண்டும்.

நண்பன் ஒருவன் இங்கேதான் குழம்பினான். பிலடெல்பியாக்காரன். வெளிமாநிலச் சிறு கடை ஒன்றில் இணையம் வழியாக 620 டாலருக்குக் கைத்துப்பாக்கி, அனுப்புகூலி 30.

"உள்ளூர்க் கடையில் கையெழுத்துப் போட்டு, அவருக்குக் கட்டணமும் கொடுத்துத்தானே அண்ணா வாங்கினேன்? வரி அதில் சேர்ந்திருக்காதா?"

சேராது. அந்தக் கட்டணம் கைமாற்றிக் கொடுத்ததற்கான கூலி. துப்பாக்கியை விற்றவர் வேறொருவர். அவருடைய பில்லைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். 2018-இல் சவுத் டகோட்டா – வேஃபேர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு பெரிய இணைய விற்பனையாளர்கள் வாங்குபவரின் மாநில வரியைத் தாங்களே பிடித்துவிடுகிறார்கள். பென்சில்வேனியாவில் ஆண்டுக்கு 1,00,000 டாலருக்குக் குறைவாக விற்கும் வெளிமாநிலச் சிறு கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நண்பனின் பில்லில் வரி இல்லை. விற்பவர் வாங்கும் அனுப்புகூலியும் இங்கே வரிக்கு உட்பட்டது. ஆக 650 டாலருக்கு 8%, 52 டாலர்.

வேறு மாநிலத்தில் வரி கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். மேரிலாந்தில் 6% கட்டிய ரசீது இருந்தால் நான் மேற்கொண்டு ஒன்றும் தர வேண்டாம். நண்பன் 2% தர வேண்டியிருக்கும். ரசீதில் வரி தனியாக அச்சாகியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

"தயாரிப்பாளர் ஏற்கெனவே வரி கட்டிவிட்டார்" என்பார்கள் துப்பாக்கி மன்றத்தில். அது 1937-இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகும் பணம். தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ கட்டுவது: கைத்துப்பாக்கிக்கு 10%, நீள்குழலுக்கும் தோட்டாவுக்கும் 11%. மாநில வரி வேறு. "4473 படிவத்தில் எல்லாம் இருக்கிறதே" என்பவரும் உண்டு. அந்தப் படிவத்தில் விலைக்கு இடமே இல்லை.

நான் சொன்னதெல்லாம் பென்சில்வேனியா கணக்கு. கலிஃபோர்னியாவில் இருப்பவர் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே 2024 ஜூலை முதல் துப்பாக்கி, தோட்டா விற்பனை மேல் தனியாக 11% மாநில வரியும் உண்டு.

நண்பன் 52-ஐ எழுதிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "டெலவேரில் வாங்கிய மெத்தை?" என்றான்.

அதற்கும்தான். அதே 25-ஆவது வரியில், கூட்டிப் போடச் சொன்னேன்.