தாத்தா ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க? சென்சஸ்ல தேடுறது எப்படி

என் தாத்தா நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி சிங்கப்பூர் வந்தவர். ஈசூன் வீட்டுல உக்காந்துக்கிட்டு அவரோட கிராமத்துல எத்தனை குடும்பம் இருக்குன்னு பார்க்க ஆசைப்பட்டு ரெண்டு ராத்திரி தேடினேன், வழி தெரிஞ்சிருந்தா அரைமணி நேர வேலைதான், அதான் எழுதி வைக்கிறேன்.

முதல்ல கம்ப்யூட்டர் வேண்டாம். ஊர்ல இருக்கிற சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ வாட்ஸ்அப் போட்டு வருவாய் கிராமம் எது, தாலுகா எதுன்னு கேளுங்க. நாம "எங்க ஊரு"ன்னு சொல்றது பல நேரம் ஒரு குக்கிராமம், சென்சஸ்ல அது தனியா வராது, பக்கத்து நாலு தெருவோட சேர்த்து வருவாய் கிராமத்து பேர்லதான் இருக்கும். எங்க சித்தப்பா பட்டாவை போட்டோ எடுத்து அனுப்பினாரு, மடிச்ச இடத்துல கிழிஞ்சுபோன பேப்பர், அதுல இருந்த ஊர் பேரை நான் அதுவரைக்கும் கேட்டதே இல்ல!

அடுத்து மாவட்டம். இப்ப கைக்கு கிடைக்கிற முழுக் கணக்கு 2011 சென்சஸ், அப்ப தமிழ்நாட்டுல 32 மாவட்டம்தான், இப்ப 38. அதனால பழைய மாவட்டத்துல தேடணும்: மயிலாடுதுறைன்னா நாகப்பட்டினம், தென்காசின்னா திருநெல்வேலி, கள்ளக்குறிச்சின்னா விழுப்புரம்.

இந்திய சென்சஸ் துறையோட அரசாங்க வெப்சைட்டுக்குப் போய் 2011, தமிழ்நாடு, "பிரைமரி சென்சஸ் அப்ஸ்ட்ராக்ட்" (ஊருக்கு ஒரு வரின்னு போட்ட சுருக்கக் கணக்கு) தேடி எக்ஸெல் ஃபைலை இறக்குங்க. மாநில நம்பர் 33. ஊர் பேரெல்லாம் இங்கிலீஷ் எழுத்துல இருக்கும், ஸ்பெல்லிங் நீங்க நினைக்கிற மாதிரி இருக்காது, முதல் நாலு எழுத்தை மட்டும் போட்டு தேடுங்க. ஒரே பேர்ல பல ஊர் வரும், தாலுகாவைப் பார்த்து உங்க ஊரைப் பிடிச்சதும் அதோட ஆறு இலக்க கோட் நம்பரை எழுதி வச்சுக்குங்க.

இப்ப அந்த ஒரு வரியைப் படிக்கணும். குடும்பங்கள், மொத்த ஆளுங்க, ஆண், பெண், ஆறு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க, படிச்சவங்க (எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க), வேலை செய்றவங்கன்னு வரிசையா போகும். நிறைய பேர் தப்பு பண்றது படிப்பறிவு சதவீதத்துல. மொத்த ஆளுங்களால வகுக்கக்கூடாது, ஏழு வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களாலதான் வகுக்கணும். கணக்கு புரியறதுக்காக சொல்றேன், ஊர்ல 1,000 பேர், சின்னப் பிள்ளைங்க 100, படிச்சவங்க 720ன்னா 720ஐ 900ஆல வகுக்கணும், 80 சதவீதம் வரும், 72 இல்ல.

வேலை கணக்குல ஆறு மாசமோ அதுக்கு மேலயோ வேலை பார்த்தவங்க "மெயின்", அதுக்குக் கீழ "மார்ஜினல்". சொந்தமா விவசாயம் பண்றவங்க ஒரு பக்கம், கூலி விவசாயம் ஒரு பக்கம்னு பிரிச்சும் இருக்கும். நடவு, அறுப்புன்னு சீசன்ல மட்டும் வேலை கிடைக்கிற ஊரான்னு இந்த வரியிலயே கொஞ்சம் தெரிஞ்சிடும், இதை அவசரமா தாண்டிப் போயிடாதீங்க.

ஆண், பெண் எண்ணிக்கையையும் நிதானமா பாருங்க. எங்க ஊர்ல பெண்கள் அதிகம். 2011 பிப்ரவரியில கணக்கெடுத்தப்போ வெளிநாட்டுல இருந்தவங்க அதுல வரமாட்டாங்க. இங்க துவாஸ் பக்கம் டாமிட்டரியில தங்கி வேலை பார்த்த எங்க மாமா மகன் அந்தக் கணக்குல இல்ல, அவன் பொண்டாட்டியும் அம்மாவும் இருக்காங்க.

பள்ளிக்கூடம், பஸ், குடிதண்ணி விவரம் வேணும்னா "டிஸ்ட்ரிக்ட் சென்சஸ் ஹேண்ட்புக்" முதல் பாகத்தை இறக்குங்க. 2021ல எடுக்க வேண்டிய சென்சஸ் கோவிட்டால தள்ளிப்போச்சு, அடுத்தது 2027ன்னு அறிவிச்சிருக்காங்க. புதுக் கணக்கு வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க, எழுதி வச்ச அந்தக் கோட் நம்பரை பட்டா போட்டோவோடயே சேர்த்து வச்சிருங்க, நான் அப்படித்தான் வச்சிருக்கேன்.