காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு: மயக்க மருந்து விஷயத்தில் சறுக்கும் இடங்கள்

ஹெர்னியா, மூலம், குழந்தைக்கு டான்சில் என்று காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் ஆபரேஷன்கள் இப்போது சகஜம். அன்றே அனுப்பிவிடுகிறார்களே, மயக்க மருந்தும் லேசாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். ஆபரேஷன்தான் சின்னது, முழு மயக்கத்தில் சின்னது பெரியது கிடையாது.

அதிகம் பேர் மாட்டுவது காலைக் காபியில். "ஒண்ணுமே சாப்பிடல டாக்டர், அரை டம்ளர் காபிதான்." பால் வயிற்றுக்குள் போனதும் திரிந்து கெட்டியாகிவிடும். அதனால் பால் சேர்ந்த எதுவும் இட்லிக் கணக்கில்தான் வரும்: 6 மணி நேர இடைவெளி வேண்டும். பிரியாணி, பொரித்த அயிட்டம் என்றால் 8. தாய்ப்பாலுக்கு 4. மயக்கத்தில் இருமல் வராது. வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. குடித்துவிட்டீர்களா, சொல்லிவிடுங்கள். மிஞ்சிப்போனால் தேதி தள்ளிப்போகும். முதுகில் போடும் ஊசிக்கும் இதே பட்டினிதான், நடுவில் முழு மயக்கத்துக்கு மாற வேண்டி வரலாம்.

இதற்கு நேர்மாறாக, முதல் நாள் இரவிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் குழந்தையை வாட்டுகிறவர்களும் உண்டு. பொதுவாக 2 மணி நேரத்துக்கு முன்புவரை வெறும் தண்ணீர் குடிக்கலாம். எதற்கும் உங்கள் டாக்டரிடம் நேரம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மாத்திரையில் சுயமுடிவு வேண்டாம். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளை வழக்கமாக 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை அளவு சரியாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறக்கூடும். மெட்டோப்ரோலால் போன்ற பிரஷர், இதய மாத்திரைகளையோ திடீரென்று நிறுத்தவே கூடாது. சர்க்கரைக்கோ எடை குறையவோ செமாக்ளூடைட் ஊசி போடுகிறவர்களுக்கு வயிறு காலியாகத் தாமதமாகும், அதையும் சொல்லிவிடுங்கள். பெயர் ஞாபகமில்லையா, அட்டையோடு எடுத்துப் போங்கள்.

குடி, சிகரெட், ஆடும் பல், இதையெல்லாம் மறைக்காதீர்கள். மாமனார் பக்கத்தில் நிற்கிறார் என்று "பழக்கமே இல்லைங்க" என்பவர்கள் நிறைய. டாக்டரைத் தனியாகப் பிடித்துச் சொல்லலாமே.

வீட்டுக்குப் போக ஆள் கூட வேண்டும். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டுவது, மது குடிப்பது, பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது எதுவும் கூடாது. கையையோ காலையோ மட்டும் மரக்கடிக்கும் ஊசி போட்டிருந்தால், வலியே இல்லை என்று மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். மரப்பு பெரும்பாலும் நடுராத்திரியில்தான் விடும். தந்த வலி மாத்திரையைச் சொன்ன நேரத்துக்கே போட்டுவிடுங்கள்.