ஏர் பிஸ்டலுக்குப் பொருந்தும் பெல்லட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிஸ்டல் சுடுதல் பற்றி இணையத்தில் தேடினால், சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பித் தங்கள் துப்பாக்கிக்கு ஏற்றபடி தோட்டா தயாரிக்கும் வெளிநாட்டு வீடியோக்கள் நிறைய வரும். பார்க்கலாம், செய்யக்கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆனால் காற்றழுத்தத்தால் சுடும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறவர்களுக்கு அதே யோசனையில் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது: நம் பேரலுக்கு (குண்டு பாய்ந்து வரும் குழாய்க்கு) எந்த பெல்லட், அதாவது எந்த ஈயக் குண்டு, ஒத்துப்போகிறது என்று சோதித்துப் பார்ப்பது.

முதலில் கணக்கு. டார்கெட் கார்டில் பத்து வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. துளையின் ஓரம் கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், துளையின் மையம் கார்டின் மையத்திலிருந்து 8 மி.மீ. வரை விலகலாம். அதாவது பெல்லட்டுக்குக் கிடைக்கும் இடம் தாராளம். புதிதாகப் பழகுகிறவரின் கை ஆட்டம் இதைவிடப் பல மடங்கு பெரிது. அதனால் கையில் பிடித்துச் சுட்டு, 'இந்த டின் பெல்லட் நல்லது, அந்த டின் மோசம்' என்று தீர்ப்பு சொல்வதில் அர்த்தமே இல்லை.

என்ன வாங்குவது

தலை தட்டையாக இருக்கும் போட்டி பெல்லட் மட்டும் வாங்குங்கள். அதுதான் கார்டில் சுத்தமான வட்டத் துளை போடும். கூர்முனை பெல்லட் காகிதத்தைக் கிழிக்கும். பிஸ்டலுக்குப் பொதுவாக 0.45 கிராம் எடையுள்ளது போதும். 0.53 கிராம் பெரும்பாலும் ரைஃபிள்காரர்கள் வாங்குவது. சில கம்பெனிகள் தலையின் அளவை 4.49, 4.50, 4.51 என்று டின் மேலேயே அச்சிடுகின்றன. சோதனைக்கு மூன்று வகை போதும். பத்து வகை வாங்கினால் பணமும் போகும், குழப்பமும் கூடும்.

எங்கே சோதிப்பது

பயிற்சியாளர் இருக்கும் மூடிய ரேஞ்சில், அதாவது சுடுதளத்தில்தான். ராமநாதபுரம் கடற்கரையில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. பெல்லட்டின் வேகம் நொடிக்கு சுமார் 150 மீட்டர்தான், எடையும் அரை கிராமுக்குக் கீழே. பாம்பன், மண்டபம் பக்கம் கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த கொட்டகைக்குள் சுட்டால், நீங்கள் சோதிப்பது பெல்லட்டையா காற்றையா என்று தெரியாது. ரேஞ்சில் சுடும்போதும் கண்ணாடி கட்டாயம். ஈயம் இரும்பில் பட்டுத் திரும்பித் தெறிக்கும்.

சோதனை

பிஸ்டலை வைஸில் (பட்டறையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) பிடிக்க வேண்டும். தாடைகளுக்கு உள்பக்கம் ரப்பரோ மரத்துண்டோ வைத்து, பிடிப்பகுதியையோ பாடியையோ இறுக்குங்கள். பேரலையும், காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டரையும் இறுக்கவே கூடாது. உங்களுடையது ஸ்பிரிங் பிஸ்டல் என்றால் வைஸ் வேண்டாம். அதன் உதையை அடக்கினால் குண்டு வேறு இடத்தில் போய் விழும். மணல் பையின் மேல் மெதுவாகத் தாங்கிச் சுடுங்கள்.

ஒரு கார்டில் ஐந்து குண்டு. ஒரு வகையை முழுக்கச் சுட்டு முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். முதல் வகையில் ஒரு கார்டு, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் ஒன்று, மறுபடி முதல் வகை என்று சுற்றிவாருங்கள். அப்போதுதான் சிலிண்டர் அழுத்தமும் வெயிலின் சூடும் மூன்றுக்கும் சமமாகப் பங்கிடப்படும். வகை மாற்றும்போது முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள், பேரல் புது ஈயத்துக்குப் பழகட்டும். ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது நான்கு கார்டு வேண்டும். ஒரே ஒரு கார்டு அழகாக விழுந்தால் அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.

அப்புறம் அளவு. ரொம்பத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை வெர்னியர் அளவுகோலால் அளந்து, 4.5 மி.மீ. கழித்துவிடுங்கள். நான்கு கார்டுக்கும் சராசரி எடுங்கள். ஈரக் காற்றில் கார்டு நமுத்துப்போனால் துளையின் ஓரம் பிய்ந்து அளவே தப்பாக வரும். அதனால் கார்டுகளைச் சுடுவதற்குச் சற்று முன்புதான் கவரிலிருந்து வெளியே எடுக்க வேண்டும்.

இரண்டு வகைக்குள் வித்தியாசம் அரை மில்லிமீட்டர் என்றால், அது வித்தியாசமே இல்லை. விலை குறைந்ததை, எப்போதும் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட 3, 4 மி.மீ. அதிகப் பரவலாக விழுந்தால் அதை விட்டுவிடுங்கள். பெல்லட்டுகளைத் தராசில் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரிக்கிறவர்களும் உண்டு. அந்த நேரத்துக்கு பெல்லட் போடாமல் வெறும் ட்ரிகர் இழுக்கும் பயிற்சி செய்தால் பாயிண்ட் ஏறும் என்பது என் கருத்து.

வாங்கிய பிறகு

ஜெயித்த டின்னின் அடியில் இருக்கும் பேட்ச் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் சில டின்களைச் சேர்த்து வாங்குங்கள். உப்புக் காற்றில் ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி படியும். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, இறுக்கமாக மூடும் டப்பாவில் டின்னை வையுங்கள். பொடி பூத்த பெல்லட்டைத் துடைத்துச் சுட வேண்டாம், கழித்துவிடுங்கள். கைப் பம்பால் சிலிண்டர் நிரப்புகிறவர்கள் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கடற்கரை ஈரம் முழுக்க உள்ளே போய்விடும். ஒவ்வொரு முறையும் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீயோ வடையோ.