தோள் தையல் இல்லாத எளிய பட்டு டாப்: வெட்டுவதும் தைப்பதும்

பட்டில் ஊசி இறங்கிய இடத்தில் துளை நின்றுவிடும். பிரித்துத் தைத்தால் பழைய தையல் கோடு அப்படியே தெரியும். பருத்தியைப்போல் தைத்துப் போட்டுப் பார்த்துப் பிறகு பிடித்துக்கொள்ள முடியாது. அதனால் முதல் பட்டு டாப்புக்குத் தையல் குறைந்த வடிவமே நல்லது: முன்னும் பின்னும் ஒரே துணி, கையும் அதிலேயே சேர்ந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே நீளத் தையல்கள்.

துணி 44 இன்ச் பன்னாவில் (அகலத்தில்) ஒன்றரை மீட்டர் போதும். ரா சில்க், சாஃப்ட் சில்க் இரண்டும் கைக்கு அடங்கும்; மைசூர் கிரேப் நழுவும், பழகிய பிறகு எடுங்கள். தோளில் மடிப்பு வருவதால் மேல் கீழ் உள்ள டிசைன் பின்பக்கம் தலைகீழாகிவிடும். சிறு புட்டாவோ வெறும் நிறமோ வாங்குங்கள். பட்டுதானா என்று சந்தேகம் வந்தால் ஓரத்து இழை நாலைந்தை எரித்துப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து சாம்பல் பொடிந்தால் பட்டு; உருகி மணியாக உருண்டால் பாலியஸ்டர். பழைய புடவையில் வெட்டுவதானால் மடிப்பு விழுந்த இடங்களை வெளிச்சத்தில் பிடித்து, இரு கையாலும் லேசாக இழுங்கள். இழை விலகினால் அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

வீட்டில் துவைத்துத்தான் போடப்போகிறீர்கள் என்றால் வெட்டும் முன்பே குளிர்ந்த நீரில் ஷாம்பு சில துளி விட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். ஜரிகை இருந்தால் இது வேண்டாம். அது டிரைகிளீனுக்கு மட்டும். இஸ்திரி எப்போதும் உள்பக்கம், மிதமான சூட்டில். தண்ணீர் தெளிக்காதீர்கள், சொட்டு விழுந்த இடம் கறையாக நிற்கும்.

கீழே உள்ள கணக்கு மார்பு 36 இன்ச், டாப் உயரம் 24 இன்ச் உள்ளவருக்கு. 50 இன்ச் நீளம், 28 இன்ச் அகலத்தில் துணியை வெட்டுங்கள். மீதியை எறியாதீர்கள், கழுத்துக்குக் கிராஸ் பட்டி (சாய்வாக வெட்டிய பட்டி) அதில்தான். நீளத்தைப் பாதியாகவும் பிறகு அகலத்தைப் பாதியாகவும் மடித்தால் 25க்கு 14 கிடைக்கும். மேல் மடிப்பு தோள், பக்க மடிப்பு நடு. மார்பில் கால் பாகம் 9, தளர்வுக்கு ஒன்றரை, தையலுக்கு அரையே அரைக்கால்; ஆகவே நடுவிலிருந்து 11⅛ இன்ச்சில், தோளிலிருந்து 9½ இன்ச் இறக்கத்தில் அக்குள் புள்ளி. அங்கிருந்து கீழ்வரை நேர்கோடு. கை விளிம்பில் தோளிலிருந்து 7½ இன்ச் குறித்து, அதை அக்குளோடு வளைவாக இணையுங்கள். மூலையாக விடாதீர்கள்: கையைத் தூக்கும்போது இழுப்பு முழுவதும் அந்த ஒரு புள்ளியில் விழுந்து, பட்டு இழை விலகிக் கிழியும். இறுக்கமான பட்டு ரவிக்கைகள் அக்குளில் விட்டுப்போவதும் இதனால்தான்.

கழுத்துக்கு நடுவிலிருந்து அகலம் 3½. முதலில் எல்லா மடிப்பையும் சேர்த்து ஒன்றரை இன்ச் இறக்கம் வெட்டுங்கள், அது பின்கழுத்து. பிறகு பிரித்து முன்பக்கத்தை மட்டும் 5 இன்ச்சுக்கு இறக்குங்கள். வெட்டிய சுற்று ஏறக்குறைய 21½ இன்ச் வரும். கால் இன்ச் மடங்கியதும் 23 ஆகும். உங்கள் தலைச் சுற்றையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். குறிக்க மெழுகு கலந்த சாக் வேண்டாம், இஸ்திரிச் சூட்டில் எண்ணெய்க் கறையாகும். குண்டூசி மெலிதானது, அதுவும் தையலுக்கு விட்ட ஓரத்தில் மட்டும்.

மெஷினில் புது ஊசி போடுங்கள்: மெல்லிய பட்டுக்கு 9, ரா சில்க்குக்கு 11. தையல் நீளம் 2 மில்லிமீட்டர். முனை மழுங்கிய ஊசி இழையைக் கொக்கிபோல் இழுத்து, துணியின் குறுக்கே கோடு போட்டுவிடும். தையல் சுருங்கினால் மேல்நூலின் இறுக்கத்தைக் குறையுங்கள். தொடக்கத்தில் துணி மெஷினின் அடிப்பல்லுக்குள் போனால் அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்து, பிறகு கிழித்தெடுங்கள். இதையெல்லாம் வெட்டிய துண்டுத் துணியில் பார்த்துச் சரிசெய்துகொண்டு டாப்பைத் தொடுங்கள்.

துணி விரித்த நிலையில் இருக்கும்போதே கழுத்தை முடித்துவிடுவது சுலபம். கழுத்து இழுபடாமல் இருக்க ஓரத்தில் ஒரு சுற்றுத் தையல் போடுங்கள். 1¼ இன்ச் அகலக் கிராஸ் பட்டியை இஸ்திரியால் வளைத்து, கால் இன்ச்சில் தையுங்கள். பட்டியை இழுத்துத் தைத்தால் கழுத்து சுருங்கும். அரை இன்ச்சுக்கு ஒரு வெட்டு கொடுத்து, உள்ளே திருப்பி, ஓரத்தை மடித்துக் கையால் எம்மிங் செய்யுங்கள்.

பக்கத் தையலில் பிசிறு வெளியே வராமல் இருக்க பிரெஞ்ச் சீம். உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்துக் கால் இன்ச்சில் தைத்து, ஓரத்தை அதில் பாதியாக வெட்டுங்கள். அக்குள் வளைவில், தையலைத் தொடாமல், நெருக்கமாகச் சிறு வெட்டுகள் கொடுங்கள். இவை இல்லாவிட்டால் திருப்பியதும் அங்கே துணி குவிந்து நிற்கும். உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, தையல் விளிம்பில் நிற்க இஸ்திரி போட்டு, காலே அரைக்கால் இன்ச்சில் இரண்டாம் தையல். பிசிறு எதுவும் வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஓரத்தை வெட்டியது போதவில்லை.

கை விளிம்பையும் கீழ் விளிம்பையும் கால் இன்ச் ஒரு மடிப்பு, முக்கால் இன்ச் இன்னொரு மடிப்பாக மடித்துக் கையால் எம்மிங் செய்யுங்கள். ஊசி வெளித்துணியில் ஓரிரு இழையை மட்டும் எடுக்கட்டும், நூலை இறுக்க வேண்டாம்.